மாடி ஷீட் வேலைக்கு உரிமம் வந்தால் செலவு யார் தலையில்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மாடியில் ஷீட் கூரை போட்டுத் தரும் எங்கள் கடையின் கொட்டேஷனில் ஷீட், பைப், கூலி ஆகியவற்றுக்குக் கீழே ‘பொறியாளர் வரைபடம், பிடிமானச் சோதனை’ என்று தனியாக ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்துப் பலர் கேட்கிறீர்கள்: “இதை அரசாங்கம் கேட்கிறதா? கேட்கவில்லை என்றால் நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்?” நியாயமான கேள்வி. கடையில் நின்றபடி இரண்டு வார்த்தையில் சொல்லிவிட முடியாததால் எழுதுகிறோம்.

அரசாங்கம் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் ஒயரிங் ஒப்பந்ததாரருக்கு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் உரிமம் வேண்டும். மாடியில் ஆயிரம் சதுர அடிக்கு ட்ரஸ், அதாவது ஷீட்டைத் தாங்கும் இரும்புச் சட்டம், நிறுத்தி ஷீட் அடிப்பவருக்கு அப்படித் தனி உரிமம் எதுவும் கிடையாது. வெல்டிங் மிஷின் ஒன்றும் ஆள் இரண்டு பேரும் இருந்தால் நாளைக்கே தொழில் தொடங்கிவிடலாம். வீடு கட்டும் அனுமதியும் இப்போது எளிதாகிவிட்டது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுகிறவர்களுக்கு 2024 ஜூலையிலிருந்து, விண்ணப்பிப்பவரே விவரங்களுக்குச் சான்றளிக்கும் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. நல்ல ஏற்பாடுதான், அலைச்சல் குறைந்தது. ஆனால் வீடு முடிந்து இரண்டு வருடம் கழித்து மாடியில் ஏறும் ஷீட்டை முன்பும் யாரும் வந்து பார்த்ததில்லை, இப்போதும் பார்ப்பதில்லை.

அப்படியானால் எங்கள் தொழிலுக்கும் உரிமம் கொண்டுவந்துவிடலாமே என்று சில வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள். கொண்டுவந்தால் எங்களைப் போல ஜி.எஸ்.டி. பில் போட்டு நடத்தும் கடைகளுக்கு லாபம்தான், போட்டி குறையும். இருந்தும் வெறும் உரிமம் வேண்டும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். உரிமம் என்றால் அதற்கு ஓர் அலுவலகம் வேண்டும், தேர்வு வேண்டும், புதுப்பிக்கும் கட்டணம் வேண்டும், ஊழியர் சம்பளம் வேண்டும். அத்தனையும் முதலில் அரசுப் பணத்தில் தொடங்கி, பிறகு கட்டணமாக எங்களிடம் வந்து, கடைசியில் சதுர அடி விலையில் உங்களிடம் வந்து சேரும். கட்டணம் கட்ட முடியாத வெல்டர் தொழிலை விட்டுவிட மாட்டார். உரிமம் உள்ள ஒருவரின் பெயரில் வேலை எடுத்துச் செய்வார். ஷீட்டை அடிக்கப் போவது அதே கை, அதே ஸ்க்ரூ. காகிதத்துக்கான செலவு மட்டும் கூடியிருக்கும்.

காற்று காகிதத்தைப் பார்த்து வீசுவதில்லை. காற்றழுத்தக் கணக்குக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி. அதில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். மதுரைக்கும் கோவைக்கும் 39. வித்தியாசம் சிறியது போலத் தோன்றும். ஆனால் காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவது. அதனால் சென்னைக் கடற்கரையில் ஒரு கூரை தாங்க வேண்டிய விசை கோவையில் தாங்குவதைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். அதுவும் கூரை முழுக்க ஒரே சீராக விழுவதில்லை. ஓரத்திலும் மூலையிலும்தான் காற்று ஷீட்டை மேல்நோக்கி அதிகமாக உறிஞ்சும். கோவையில் போட்ட அதே இடைவெளியில் கடலூரிலும் ஸ்க்ரூ போட்டால் முதலில் பிய்வது மூலைதான். மூலை பிய்ந்தால் காற்று அடியில் புகும், பிறகு வரிசையாகக் கழன்று வரும். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதை நம் பக்கத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அன்று ‘கஜா’ வேதாரண்யம் பக்கம் அடித்ததையும் பார்த்தோம்.

பறக்கும் ஷீட், அதைப் போட்டவர் வீட்டோடு நிற்பதும் இல்லை. பக்கத்து வீட்டு ஜன்னலில் போய் விழும், மின்கம்பியை அறுக்கும். கம்பியைச் சரிசெய்வது மின்வாரியம், நிவாரணம் கொடுப்பது வருவாய்த் துறை. வேலை நடக்கும்போது ஆள் தவறி விழுந்தாலும் இதே கதைதான். கட்டட அனுமதியின்போது கட்டுமானச் செலவின் மதிப்பீட்டில் 1 சதவீதம் தொழிலாளர் நல நிதிக்கு வசூலாகிறது. மாடி ஷீட் வேலை பெரும்பாலும் அனுமதி வழியே போகாததால் அந்த 1 சதவீதம் அதிலிருந்து வருவதில்லை. ஆனால் நல வாரியத்தில் பதிந்த தொழிலாளி கீழே விழுந்தால் அவர் குடும்பத்துக்கு உதவித்தொகை அந்த நிதியிலிருந்துதான் போகிறது. ஆக, ஒழுங்குமுறை இல்லாததற்கும் ஊர்தான் பணம் கட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு ரசீது மட்டும் வருவதில்லை.

செலவு எப்படியும் உண்டு. அதை எதற்குச் செலவிடுவது என்பதில்தான் எங்களுக்கு உறுதியான கருத்து இருக்கிறது: ஆளைச் சோதிப்பதற்கு முன் கூரையைச் சோதிக்க வேண்டும்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக் கூரையில் பரவிய தீ 94 பிள்ளைகளைக் கொன்றது. அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகளை அகற்ற உத்தரவு வந்தது. கீற்று முடைபவருக்கு உரிமம் கேட்கவில்லை, கட்டடத்தைத்தான் பார்த்தார்கள். இன்றும் தனியார் பள்ளிகள் கட்டட உறுதிச் சான்றும் தீயணைப்புத் துறைச் சான்றும் வைத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் புளோரிடா மாநிலம் ஆள், கூரை இரண்டையும் சோதிக்கிறது. 1992 ஆகஸ்டில் ‘ஆண்ட்ரூ’ புயல் அங்கே வீடுகளின் கூரைகளைப் பெயர்த்துப் போட்ட பிறகு மாநிலம் முழுவதற்குமான கட்டட விதித் தொகுப்பை உருவாக்கி, 2002 மார்ச் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். கூரை ஒப்பந்ததாரருக்கு அங்கே உரிமமும் உண்டு, வேலை நடக்கும்போதே ஆய்வும் உண்டு. பெர்மிட் கட்டணத்தின் மேல் சிறு கூடுதல் கட்டணம் வசூலித்து அந்த நிர்வாகத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். கூரை போடுகிறவரே செலவில் பங்கு தருகிறார். டெக்சாஸிலோ கூரை வேலைக்கு மாநில உரிமமே கிடையாது. புளோரிடாவிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஆய்வைத்தான் என்பது எங்கள் எண்ணம்.

நம் கடலோர மாவட்டங்களில் குறிப்பிட்ட சதுர அடிக்கு மேல் போகும் ஷீட் வேலைக்கு ஒரு பதிவு, பொறியாளர் கையெழுத்திட்ட ஒரு தாள், தூணின் அடியில் வரும் பேஸ் பிளேட்டும் அதைத் தளத்தோடு பிடிக்கும் ஆங்கர் போல்ட்டும் ஸ்க்ரூவும் தெரியும்படி நாலைந்து படம், திடீரென்று சில இடங்களில் ஆய்வு. இவ்வளவு போதும். கட்டணம் அந்த வேலையிலிருந்தே வரட்டும். சின்ன வெல்டருக்கு இதில் தொழில் போகாது. சரியாகச் செய்தால் அவருக்கும் எங்களுக்கும் ஒரே தாள்தான். குடிசையின் மேல் பத்து ஷீட் போடுகிறவரிடம் எதுவும் கேட்கக் கூடாது. அவரிடம் கட்டணம் வாங்கி நடத்தும் ஒழுங்குமுறை நமக்கு வேண்டாம்.

அப்படி ஒன்று வரும்வரை அந்தத் தாளை நாங்களே தருகிறோம். கொட்டேஷனில் உள்ள அந்த வரி இதற்குத்தான்: பொறியாளர் கணக்குப் போட்டுத் தரும் வரைபடம், ஓரத்திலும் மூலையிலும் நெருக்கமாக வரும் ஸ்க்ரூ, ரப்பர் வாஷர், மேலே ஏறும் ஒவ்வொருவருக்கும் பாதுகாப்பு பெல்ட். வேலை முடிந்ததும் படங்களோடு கோப்பு உங்கள் கையில் வந்துவிடும். அந்த வரியை நீக்கிவிட்டு விலையைக் குறைக்கச் சொன்னால் எங்களால் முடியாது. வேறு இடத்தில் வேலை கொடுக்க முடிவு செய்தாலும் எங்களுக்கு மனவருத்தம் இல்லை. வேலை எடுப்பவரிடம் ஸ்க்ரூ இடைவெளி என்ன, தூண் எதில் நிற்கிறது என்ற இரண்டையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே எங்களிடம் ஷீட் போட்டவர்கள் ஐப்பசி மழைக்கு முன் கடையில் சொல்லி வையுங்கள். ஆள் அனுப்பி ஸ்க்ரூவையும் வாஷரையும் பார்த்து இறுக்கித் தருகிறோம். அதற்குக் கட்டணம் கிடையாது.

இப்படிக்கு,
நிர்வாகம்,
கடலூர்