ஆண்டறிக்கை: வரத்துக்கால் வழியே நடந்த ஒருவர்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கண்மாய்ப் பாசன விவசாயிகளாகிய நம் சங்கத்தின் கடந்த ஆண்டுப் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். அறிக்கையின் பெரும்பகுதியை, மாசி மாதத்தில் காலமான நம் முன்னாள் தலைவர் ஐயா அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். இவ்வாண்டு நாம் செய்த வேலைகள் அனைத்தும் அவர் தொடங்கி வைத்தவை.

தனுஷ்கோடியைப் புயல் அழித்த 1964ஆம் ஆண்டில் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டுத் தகப்பனாருடன் ஏர் பிடித்தவர் அவர். ஆவணி, புரட்டாசியில் புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருப்பதே நம் கடற்கரைச் சீமையின் வழக்கம். ஐப்பசி மழை பிந்தினால் முளைத்த பயிர் கருகிவிடும். தையில் மடை வற்றினால் கதிர் பதராகிவிடும். ஆழ்துளைக் கிணறு போட்டாலோ பல இடங்களில் உப்புநீர்தான் வருகிறது. கண்மாயைத் தூர்வாரினால் போதும் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்த காலத்தில், "முதலில் வரத்துக்காலைப் பாருங்கள்" என்று ஐயா சொன்னார். கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் கால்வாய்தான் வரத்துக்கால். ஒவ்வோர் ஆடியிலும் மண்வெட்டியோடு அது தொடங்கும் தலைப்பு வரை நடந்து, மேல்புறத்து ஊர்க்காரர்களிடம் அமர்ந்து பேசிவிட்டுத்தான் திரும்புவார். தண்ணீர்த் தகராறு காவல் நிலையம் வரை போகாமல் நின்றது அந்த நடையினால்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி 1996இல் நடந்த தேர்தலில் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கிராம சபையில் வரவு செலவை வரி வரியாக வாசித்து, கேள்வி கேட்கும் பெண்களை முன்வரிசைக்கு அழைத்து உட்கார வைத்ததை இன்றும் ஊரார் நினைவுகூர்கிறார்கள்.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை அடுத்து 2017இல் சீமைக் கருவேல மரங்களை அகற்றும் பணி நடந்தபோது, அவருடைய நிலைப்பாடு பலருக்குப் பிடிக்கவில்லை. அந்த மரத்தைக் கரிமூட்டம் போட்டுக் கரியாக்கிப் பிழைக்கும் குடும்பங்கள் நம்மிடையே இருப்பதால் தரிசுகளில் உள்ளதை அவர்களுக்கு விட்டுவிட்டு, கண்மாயின் நீர் தேங்கும் உள்வாயிலும் வரத்துக்காலிலும் உள்ளதை மட்டும் வேரோடு எடுப்போம் என்றார். வெட்டிவிட்டால் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும், காயைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தில் விதை பரவும் என்பதை விளக்கி, மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கன்றுகளைப் பிடுங்க ஆள் வைத்தார். அப்போது அவரை எதிர்த்துப் பேசியவர்களில் நானும் ஒருவன். அவர் சொன்னதே சரி என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

பயிர்க் காப்பீட்டில் அவர் காட்டிய கவனம் தனியே குறிப்பிடத்தக்கது. இழப்பீட்டுக்காக விளைச்சலைக் கணக்கிடும் பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு ஐந்து மீட்டர் நீளமும் அகலமும் அளந்து அறுக்கும் நாளில் ஐயா வயலில் நிற்பார். எடை போடும்போது விவசாயிகள் உடன் இருக்க வேண்டும் என்று வலியுறுத்துவார். ஒருமுறை இழப்பீடு ஓராண்டுக்கு மேல் தாமதமானபோது, சாகுபடி விவரம் பதிந்த அடங்கல் நகல்களைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போய்வந்தார்.

இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவர் மகிழ்ந்தார். ஆனாலும், பனியில் நனைந்து வெளுத்த சோடை வற்றலை நல்லதோடு கலந்து விற்றால் அந்தப் பெயர் நிலைக்காது என்று எச்சரித்தார். அவர் யோசனைப்படி இவ்வாண்டு உறுப்பினர்களுக்குக் களத்தில் காயவைக்கத் தார்ப்பாய்கள் வாங்கிக் கொடுத்துள்ளோம்.

வரத்துக்காலில் மழைக்கு முன் பொக்லைன் கொண்டு மண் அள்ளிய வேலை முடிந்தது. கண்மாயின் உபரி நீர் வழியும் கலுங்கை ஒட்டிய உடைப்பு மட்டும் இன்னும் அடைபடவில்லை. கண்மாயின் நீர்மட்டத்தை ஆண்டுதோறும் ஐயா குறித்து வைத்த நோட்டுகளைக் குடும்பத்தார் சங்கத்திடம் ஒப்படைத்துள்ளனர். அந்தக் குறிப்பை இனி வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் பணியாளரான நீர்க்கட்டி எழுதிவரவும், ஆடி முதல் ஞாயிறு அன்று உறுப்பினர்கள் அனைவரும் வரத்துக்காலின் தலைப்பு வரை நடக்கவும் தீர்மானங்களை ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்