நெறிக்கட்டி சாம்பிள்: கருவிக்கு முன்பே கெடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) சந்தேகத்தில் கழுத்திலோ அக்குளிலோ எடுக்கும் நெறிக்கட்டியை, செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு வகை பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு அனுப்பும்போது, தவறு பெரும்பாலும் கருவியில் நடப்பதில்லை. அதற்கு முன், செல்களைப் பிரித்து வடிகட்டும் மேசையிலும், சாம்பிள் வரும் வழியிலும்தான் நடக்கிறது.

முதல் எதிரி, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின். அது புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துத் திசுவை இறுக்கிவிடும். பிறகு உயிருள்ள செல்லைத் தனியே எடுக்க வழியே இல்லை. நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு ஒரு துண்டை ஃபார்மலினில் போடட்டும். இன்னொரு துண்டு நார்மல் சலைனிலோ, அதைவிட நல்லதான ஆர்பிஎம்ஐ என்ற செல் வளர்ப்புத் திரவத்திலோ 4 டிகிரி குளிரில் அன்றே ஆய்வகம் சேர வேண்டும். ஃப்ரீசர் கூடாது, உறைந்தால் செல் வெடித்துவிடும்.

ஆய்வகத்தில் கொழுப்பை நீக்கி, 2 மில்லி குளிர்ந்த திரவத்தில் வைத்தே 1–2 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்க வேண்டும். 70 மைக்ரான் கண்ணுள்ள நைலான் ஸ்ட்ரெய்னரை (வடிகட்டியை) முதலில் நனைத்துக்கொண்டு, சிரிஞ்ச் பிஸ்டனின் தட்டையான முனையால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். இந்த இடத்தில்தான் அவசரம் ஆளைக் கெடுக்கிறது. பி செல், டி செல் இரண்டும் வெள்ளணு வகைகள். பரவலான பெரிய பி செல் லிம்போமா என்ற வகையின் செல்கள் பெரியவை, சுலபமாக உடைபவை. அழுத்தித் தேய்த்தால் அவைதான் முதலில் சாகும். மிஞ்சுவது இயல்பான சின்ன டி செல்கள். அறிக்கை ‘குறையில்லை’ என்று சொல்லும், நோயோ உடம்பில் இருக்கும். நார்த்திசு மிகுந்த இறுகிய கட்டியிலும் இதே ஆபத்து உண்டு, அங்கே செல்கள் வெளியே வரவே மறுக்கும்.

செத்த செல்லிலிருந்து கசியும் டிஎன்ஏ, மூக்குச்சளி போல் நூலிழுத்து மற்ற செல்களையும் ஒட்டவைக்கும். டிஎன்ஏஸ் நொதி அதை அறுக்கும், ஆனால் அதற்கு மெக்னீசியம் வேண்டும். உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ கலந்த பஃபரில் (கழுவும் கரைசலில்) ஊற்றினால் மெக்னீசியம் பறிபோய் நொதி சும்மா கிடக்கும். எனவே நொதி முதலில், இடிடிஏ பிறகு.

300–400 ஜி (புவியீர்ப்பைப் போல் அத்தனை மடங்கு) விசையில் 5 நிமிடம் சுழற்றிப் பாருங்கள். அடியில் படிந்தது சிவப்பாக இருந்தால் மட்டும் சிவப்பணுவை உடைக்கும் அம்மோனியம் குளோரைடு கரைசல், அதுவும் சில நிமிடங்களே. கூடினால் வெள்ளணுவும் சேதமாகும். கால்சியம், மெக்னீசியம் இல்லாத பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் 2 சதவீதம் சீரம், 2 மில்லிமோலார் இடிடிஏ சேர்த்துக் கழுவி, 40 மைக்ரானில் மறுபடி வடிகட்ட வேண்டும். செத்த செல்லில் மட்டும் ஏறும் டிரிப்பான் நீலச் சாயத்தால் உயிருள்ளவற்றை எண்ணி, 100 மைக்ரோலிட்டருக்கு 10 லட்சம் செல் என்று வைத்தால் போதும்.

இரண்டாம் வடிகட்டலைத் தவிர்த்தால் கருவி அடைத்துக்கொள்ளும் என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். அதைவிட மோசம், ஒட்டிய ஜோடி. ஒரு டி செல்லும் ஒரு பி செல்லும் ஒட்டிக்கொண்டு லேசர் முன் போனால், டி செல்லின் அடையாளப் புரதமான சிடி3, பி செல்லின் அடையாளப் புரதமான சிடி19 இரண்டும் கொண்ட ஒரே செல்லாகப் பதிவாகும். திரையில் வரும் அந்தச் செல் நோயாளியின் உடம்பில் கிடையாது. சாயமேற்றிய பின்னும் கருவியில் வைக்குமுன் ஒருமுறை வடிகட்டினால் பெரிய திரள்கள் நீங்கும்; வலைக்கண்ணில் நுழைந்துவிடும் ஜோடிகளைக் கருவியின் தரவில்தான் பிரித்து விலக்க வேண்டும். ஸ்ட்ரெய்னரைக் கழுவி அடுத்தவர் சாம்பிளுக்குப் பயன்படுத்தவே கூடாது. விலை கட்டுப்படியாகாவிட்டால் நைலான் வலைத்துணியைச் சதுரமாக வெட்டிக் கிருமி நீக்கி, ஒரு தடவை பயன்படுத்தி எறியலாம்.

நம் ஊர்களில் சாம்பிள் பாட்டிலை உறவினர்களே ஆய்வகத்துக்குக் கொண்டுபோவது வழக்கம். அவர்கள் வாங்கும்போதே “இது ஃபார்மலினா, சலைனா?” என்று கேட்கட்டும். பாட்டில் மேல் எடுத்த நேரம் எழுதியிருக்கிறதா என்றும் பார்க்கட்டும். ஆய்வகங்கள் தங்கள் பங்குக்கு, உயிருள்ள செல் எத்தனை சதவீதம் என்பதை ஒவ்வொரு அறிக்கையிலும் அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
நோயெதிர்ப்பியல் ஆய்வக நுட்பநர்கள்,
மதுரை