வாங்கியவரே இரண்டாம் முறையும் வரி கட்டுவதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜி.எஸ்.டி. தொடர்பான நீதிமன்றத் தீர்ப்புகளைத் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் தொடர்ந்து வெளியிட்டு வருகிறீர்கள். அவற்றுள், விற்றவர் வரியை அரசுக்குக் கட்டாதபோது அவரை விசாரிக்காமல் வாங்கியவர்மீது சுமையை ஏற்றக் கூடாது என்னும் வகைத் தீர்ப்பு என் போன்ற சிறு வியாபாரிகளுக்கு ஆறுதல் தரக்கூடியது. ஆயினும் அது வழக்குப் போட்டவருக்கு மட்டுமே பயன்பட்டு, மற்றவர்களுக்கு எட்டாமலே போய்விடுகிறது என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் மதுரை கீழவெளி வீதி அருகே பி.வி.சி. பைப்பும் குழாய்ச் சாமான்களும் விற்று வருபவன். 2019 பிப்ரவரியில், நம் மாநிலத்திலேயே உள்ள ஒரு மொத்த வியாபாரியிடம் 2,40,000 ரூபாய்க்குச் சரக்கு எடுத்து, 18 சதவீத வரியான 43,200 ரூபாயையும் சேர்த்து முழுத் தொகையையும் வங்கி வழியாகவே அனுப்பினேன். விற்பனை விவரங்களைத் தெரிவிக்கும் தம்முடைய ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தில் அவர் என் பில்லைக் காட்டியிருந்தார். விற்றவர்கள் காட்டும் பில்கள் இணையதளத்தில் தானாக வந்து சேரும் என் 2ஏ பட்டியலிலும் அது வந்திருந்தது. அதை நம்பி அந்த 43,200 ரூபாயை உள்ளீட்டு வரி வரவாக, அதாவது என் விற்பனைக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக (கடைத்தெருவில் 'இன்புட்' என்போம்) எடுத்துக்கொண்டேன். அவரோ வரியைக் கணக்கிட்டுக் கட்டுவதற்கான 3பி படிவத்தைத் தாக்கல் செய்யவுமில்லை, என்னிடம் வாங்கிய வரியை அரசுக்குக் கட்டவுமில்லை. சில மாதங்களில் அவருடைய பதிவும் ரத்தாயிற்று.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது 2024 செப்டம்பரில், நான் கொடுத்த ஒரு காசோலை திரும்பி வந்தபோதுதான். வங்கியில் விசாரித்ததில், வரித் துறை என் கணக்கை முடக்கியிருப்பதாகச் சொன்னார்கள். ஆடிட்டர் ஜி.எஸ்.டி. இணையதளத்தைத் திறந்து, மாதந்தோறும் நாங்கள் கணக்கு தாக்கல் செய்யும் பக்கத்தைத் தாண்டி, 'கூடுதல் நோட்டீஸ்களும் உத்தரவுகளும்' என்னும் வேறோர் இடத்துக்குள் போய்க் காட்டினார். விளக்கம் கேட்ட நோட்டீஸ், விசாரணைக்கு வரச் சொன்ன நினைவூட்டல், 2024 ஏப்ரல் மாதத்து இறுதி உத்தரவு ஆகிய மூன்றும் அங்கே கிடந்தன. கடைக்கு ஒரு தபால் கூட வந்ததில்லை. வரி 43,200 ரூபாய், ஐந்தாண்டுக்கு 18 சதவீத வட்டி 38,000 ரூபாய்க்கு மேல், மத்திய, மாநிலப் பங்குகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் என்று கேட்ட தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. மேல்முறையீட்டுக்குச் சட்டம் தரும் மூன்று மாதமும், தாமதத்தை மன்னிக்கக்கூடிய இன்னொரு மாதமும் அதற்குள் முடிந்துவிட்டிருந்தன.

விற்றவர் வரியை அரசுக்குச் செலுத்தியிருந்தால்தான் வாங்கியவருக்கு வரவு உண்டு என்கிறது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 16(2)(சி) பிரிவு. அதைக் காட்டித்தான் என்மீது உத்தரவு போட்டார்கள். ஆனால் இதே நிலையில் ரப்பர் ஷீட் வாங்கிய வியாபாரிகள் தொடுத்த வழக்கில், யானைமலை அடிவாரத்தில் இருக்கும் நம் உயர் நீதிமன்றக் கிளை 2021 பிப்ரவரியிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. வரியை வசூலித்துவிட்டு அரசுக்குக் கட்டாத விற்பனையாளரின் செயலைத் துறை மிகக் கடுமையாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும், அவரை விசாரிக்காமல் வாங்கியவர் தலையில் முழுச் சுமையையும் ஏற்றியது சரியல்ல என்று கூறி, அந்த உத்தரவுகளை ரத்து செய்து, புதிதாக விசாரிக்கும்படி திருப்பி அனுப்பியது. அந்தத் தீர்ப்பு வந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, அதே கிளையின் எல்லைக்குட்பட்ட மதுரையில், விற்றவரை விசாரித்ததாக ஒரு வாக்கியம் கூட இல்லாத உத்தரவு எனக்கு வந்திருக்கிறது.

துறையின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. சரக்கே நகராமல் பில் மட்டும் விற்கும் கும்பல்கள் இருப்பது கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பில்லும் வங்கிப் பணப்பரிமாற்றமும் மட்டும் போதாது, லாரி எண், வாடகை, சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கான சான்று ஆகியவற்றையும் வாங்கியவர் காட்ட வேண்டும் என்று 2023 மார்ச்சில் கர்நாடகக் காப்பி வியாபாரிகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதை நான் குறை சொல்ல மாட்டேன். என்னிடம் ஈ-வே பில்லும் (சரக்குப் போக்குவரத்துக்கான மின்னணுச் சீட்டு) லாரி ரசீதும் அட்டைப்பெட்டியில் இன்னும் இருக்கின்றன. அவற்றைக் கேட்க யாரும் இல்லை என்பதே என் குறை. வாங்கும்போது பதிவு நடப்பில் இருந்த விற்பனையாளர் வரியைக் கட்டாமல் விட்டதற்காக, நேர்மையாக வாங்கியவருக்கு வரவை மறுக்கக் கூடாது என்ற டில்லி உயர் நீதிமன்றத்தின் நிலையை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அது ஜி.எஸ்.டி.க்கு முந்தைய டில்லி வாட் (மதிப்புக் கூட்டு வரி) சட்டத்தின் கீழ் எழுந்த வழக்குதான் என்றாலும், அதிலுள்ள நியாயம் ஜி.எஸ்.டி.க்கு மட்டும் எப்படிப் பொருந்தாமல் போகும் என்பது எனக்கு விளங்கவில்லை.

நானும் உயர் நீதிமன்றக் கிளையில் ரிட் மனு போடவே எண்ணியிருந்தேன். அந்த நேரத்தில்தான், 2017-18 முதல் 2019-20 வரையிலான ஆண்டுகளின் வரிப் பாக்கியை 2025 மார்ச் 31க்குள் முழுதாகக் கட்டினால் வட்டியும் அபராதமும் தள்ளுபடி என்னும் 128ஏ பிரிவு 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. வழக்கோ மேல்முறையீடோ இருந்தால் அதைத் திரும்பப் பெற்றால்தான் இந்தச் சலுகை கிடைக்கும். 43,200 ரூபாய்க்காக வக்கீல் ஃபீஸ் கொடுத்து, அந்தக் கிளை இருக்கும் ஒத்தக்கடைக்கு எத்தனை வாய்தாவுக்கு அலைவது? கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே பில்லோடு கட்டிய அதே வரியை இரண்டாம் முறையும் கட்டினேன். என்னைப் போல் நியாயம் தம் பக்கம் இருந்தும் சலுகை என்ற பெயரில் ஒதுங்கிக்கொண்டவர்கள் இந்த ஊரில் பலர்.

இனி இப்படி நேராது என்றும் சொல்வதற்கில்லை. 2025 ஜூலை மாதக் கணக்கிலிருந்து, ஜி.எஸ்.டி.ஆர்-1ல் காட்டிய விற்பனையை 3பி படிவத்தில் குறைக்க முடியாதபடி பூட்டுப் போட்டிருப்பது நல்ல மாற்றம். ஆனால் 3பி படிவத்தையே தாக்கல் செய்யாத ஒருவரை அந்தப் பூட்டு ஒன்றும் செய்யாது. 2022 டிசம்பரில் சேர்க்கப்பட்ட 37ஏ விதியோ, விற்றவர் ஒரு நிதியாண்டுக்கான 3பி படிவத்தை அடுத்த செப்டம்பர் 30க்குள் தாக்கல் செய்யாவிட்டால், வாங்கியவர் நவம்பர் 30க்குள் வரவைத் திருப்பிக் கட்டிவிட வேண்டும் என்கிறது. விற்றவர் பின்னால் கட்டினால் மீண்டும் எடுத்துக்கொள்ளலாமாம். கடையைப் பூட்டிக்கொண்டு போனவர் எப்போது கட்டுவார்?

விற்றவர்மீது எடுத்த நடவடிக்கை என்ன என்பதை உத்தரவிலேயே பதிவு செய்யாமல் வாங்கியவர்மீது வரி விதிக்கக் கூடாது என்று துறை எழுத்துப்பூர்வமான அறிவுறுத்தல் வெளியிட வேண்டும். இணையதளத்தில் ஏற்றிய நோட்டீஸுக்குப் பதில் வராவிட்டால், உத்தரவு போடுவதற்கு முன் பதிவுத் தபாலில் ஒரு முறையாவது அனுப்ப வேண்டும். சட்டத்தின் 169ஆவது பிரிவிலேயே தபாலும் ஒரு வழியாக இருக்கிறது. நம் உயர் நீதிமன்றமும் பல உத்தரவுகளில் இதை வலியுறுத்தியிருக்கிறது. வியாபாரிகள் சங்கங்கள் வரி விகிதக் குறைப்புக்குக் காட்டும் வேகத்தில் பாதியையாவது இதற்குக் காட்டலாம்.

இரண்டாம் முறை வரி கட்டிய ரசீதோடு அலுவலகத்துக்குச் சென்றபோது, அந்த மொத்த வியாபாரியிடம் வசூலிக்க என்ன முயற்சி நடந்தது என்று எழுத்தில் கேட்டுக் கொடுத்தேன். அதற்கு இன்றுவரை பதில் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு குழாய்ச் சாமான் வியாபாரி,
மதுரை.