ரசீதில் உங்கள் பெயரையே எழுதுங்கள், ஆச்சி

ஊரில் உள்ளவர்களுக்கும், வெளியூர் வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

காரைக்குடிப் பக்கம் நம் ஊரில் பெண்களுக்கென்று ஒரு வாசகசாலை அமைக்கிறோம். பழைய வீடொன்றின் முகப்பையும் பட்டாலைக் கூடத்தையும் வீட்டுக்காரர்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். ஹன்சா மேத்தா பெயரை வைக்க முடிவு செய்தோம்.

"யாரு அது, நம்ம பக்கத்து ஆளா?" என்று கூட்டத்தில் ஓர் ஆச்சி கேட்டார். இல்லை, சூரத்தில் பிறந்தவர். குஜராத்தின் முதல் முதலமைச்சர் ஜீவராஜ் மேத்தாவின் மனைவி. அதோடு நிறுத்தினால் பாதிக் கணக்குதான். கணவர் 1960-ல் முதலமைச்சர் ஆவதற்கு 11 வருஷம் முன்பே இவர் பரோடா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவில், நாட்டுப் பெண்கள் சார்பில் தேசியக் கொடியைச் சபையிடம் கொடுத்தவரும் இவர்தான்.

எங்களுக்குப் பிடித்தது வேறொன்று. ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தின் வரைவில், ஆண்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் போட்டு, அவர்கள் எல்லோரும் சமமாகப் பிறக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. அதில் பெண்ணும் அடக்கம்தானே என்றார்கள். இவர் விடவில்லை. 1948 டிசம்பர் 10-ல் பிரகடனம் நிறைவேறியபோது அந்த இடத்தில் 'மனிதப் பிறவியினர்' வந்துவிட்டார்கள்.

நமக்கும் அப்படி ஒன்று நடந்தது. ரசீதுப் புத்தகம் அச்சாகி வந்தது. புரட்டினால் எல்லாத் தாளிலும் 'திரு.' மட்டும். வேறு வழியில்லை, நாலு பேர் திண்ணையில் உட்கார்ந்து பேனாவால் 'திருமதி, செல்வி' என்று எழுதிச் சேர்த்தோம். கை வலித்தது, போகட்டும்.

கோயிலுக்குப் புள்ளி வரி குடும்பத்துக்கு இவ்வளவு என்று கொடுத்துப் பழகியவர்கள் நாம். இங்கே ஆளுக்கு ஒரு பெயர். மாமியார் தனி, மருமகள் தனி. கல்வெட்டிலும் 'இன்னார் மனைவி' என்று போடமாட்டோம்.

ஒழுகும் கூரை ஓடுகளை மாற்ற வேண்டும். தரை பெயர்ந்த இடத்துக்கு ஆத்தங்குடிக் கல், அலமாரிகள், அப்புறம் முக்கியமாக ஒரு கழிப்பறை. அது இல்லாமல் எந்தப் பெண் வந்து இரண்டு மணி நேரம் படிப்பாள்? மொத்தம் 6 லட்சம் ரூபாய் ஆகும். 2 லட்சம் கையில் இருக்கிறது. வரவு செலவை மாதாமாதம் முகப்பில் ஒட்டுவோம்.

தினமும் சாயங்காலம் பொருளாளர் அங்கேதான் இருப்பார். பத்து ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு.

இப்படிக்கு,
வாசகசாலைக் குழுவினர்