வழிகாட்டிக்கு வழி சொன்னவர்களுக்கு

அன்புள்ள வாசக நண்பர்களுக்கும், ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் புத்தகத்தைச் சுமந்து போய்ச் சேர்த்தவர்களுக்கும்,

வணக்கம். ஊர் ஊராக நன்றி சொல்லிக்கொண்டு போக இந்த வெயிலில் முடியாது. அதனால், நாம் கைமாற்றிக் குறிப்பெழுதி வரும் பழைய இராமநாதபுரம் மாவட்ட வழிகாட்டி நூலுக்கு உதவிய எல்லாருக்கும் சேர்த்து இந்த மடல்.

முதல் நன்றி மதுரைப் பழைய புத்தகக் கடைக்காரருக்கு. எடைக்குப் போகக் கட்டி வைத்திருந்த கட்டை அவிழ்த்து, "ராம்நாட்டுப் பக்கம் ரோடு ரோடா எழுதியிருக்கான், பாருங்க" என்று எடுத்து நீட்டியவர் அவர்தான். முன்னட்டை இல்லை, முதல் சில தாள்களும் இல்லை. "தலையில்லாததுக்கு என்ன விலை சொல்ல?" என்று டீக்காசு மட்டும் வாங்கிக்கொண்டார். அதனால்தான் எழுதியவர் பெயரோ அச்சான ஆண்டோ இன்றுவரை நமக்குத் தெரியாது. ஆள் நடந்தும் சைக்கிளிலும் சுற்றியவர் என்பது மட்டும் நிச்சயம். பஸ்ஸில் போனவருக்கு எந்தக் கிணறு நல்ல தண்ணீர், எது உப்பு என்று தெரிந்திருக்காது.

புத்தகத்தின் வயதைக் கணக்குப் போட்டுச் சொன்ன தேவிபட்டினத்து வாத்தியாருக்கு அடுத்த நன்றி. சிவகாசியையும் காரைக்குடியையும் இதே மாவட்டமென்று நூல் சொல்கிறது. மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது 1985-இல். ஆக, அதற்கு முந்தியது. தனுஷ்கோடியைப் புயல் தின்ற ஊர் என்கிறது, அதனால் 1964-க்குப் பிந்தியது. மண்டபத்தோடு சாலை முடிந்தது, அப்புறம் ரயில்தான் என்று எழுதியிருப்பதும் ஒத்துப் போகிறது. பாம்பன் சாலைப் பாலம் திறந்தது 1988-இல்தானே. இதையெல்லாம் பின்பக்க வெற்றுத்தாளில் பென்சிலால் எழுதிவைத்து, மற்றவர்களுக்கும் பென்சில் பழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் அவர்.

பைண்டிங் செய்து கொடுத்த அண்ணாச்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உப்புக்காற்றில் தாள் நமுத்து, முதுகுத் தையல் விட்டுப்போயிருந்தது. பழைய தையல் நூலை முழுக்கப் பிரித்து, மடித்த தாள்கட்டுகளை ஒவ்வொரு பாரமாகத் தைத்தார். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்தார், பூச்சி அண்டாது என்று. நான் கேட்காமலே ஒவ்வோர் ஊர்ப்பகுதிக்கும் நடுவே இரண்டு வெள்ளைத்தாளைச் சேர்த்துவிட்டார். "எழுதறவங்க ஓரத்துல எழுதி எழுத்தைக் கெடுத்துருவாங்க, இதுல எழுதட்டும்" என்றார். இந்த வெள்ளைத்தாள்கள் இல்லாவிட்டால் நம் கையில் வெறும் பழைய கையேடுதான் இருந்திருக்கும்.

கிழிந்து போயிருந்த மடிப்பு வரைபடத்துக்குப் பதிலாக, பணி ஓய்வு பெற்ற வி.ஏ.ஓ. ஐயா ஒருவர் டிரேசிங் தாளில் புதிதாக வரைந்து தந்தார். ஒவ்வொரு கண்மாய்க்கும் பெயரும், எந்தக் கலுங்கு (உபரிநீர் வழி) பாய்ந்தால் எந்தச் சாலை மூழ்கும் என்பதும் அதில் இருக்கின்றன. செல்போன் வரைபடம் சாலை இருப்பதைக் காட்டும். ஐப்பசி மழையில் அதே சாலையில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடுமென்று சொல்லாது.

சரி, இனி ஓரக்குறிப்பு எழுதியவர்கள்.

திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரைக்குப் போகும் பகுதியில் "இரட்டைப் பனையில் இடப்பக்கம் திரும்புக" என்று நூலாசிரியர் எழுதியிருக்கிறார். அதன் எதிர்த்தாளில் ஒருவர்: "இரட்டைப் பனை இப்போது ஒற்றைப் பனை." கீழே வேறு கையெழுத்து: "ஒற்றையும் போய்விட்டது. செல்போன் கோபுரத்தில் திரும்பவும்." அதற்கும் கீழே: "கோபுரங்கள் இரண்டு. டீக்கடை உள்ள பக்கம்." இந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை.

முதுகுளத்தூர் நண்பரின் குறிப்பைப் பலரும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தீர்கள். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் இரண்டையும் நூல் மாடு தண்ணீர் குடிக்கும் கண்மாய்கள் என்று ஒரு வரியில் தாண்டிவிடுகிறது. அவர் எழுதுகிறார்: "இப்போது பறவைகள் சரணாலயம். 2022-இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். ஆனால் பட்டியலைப் பார்த்துப் பறவை வராது, மழையைப் பார்த்துத்தான் வரும். கண்மாய் காய்ந்த வருடத்தில் வந்து என்னைத் திட்டாதீர்கள்."

காரங்காட்டு அக்கா, அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை படகு விடுவதை எழுதி, வெயில் ஏறுமுன் வரச் சொல்லியிருக்கிறார். தனுஷ்கோடிப் பக்கத்தில் நூலாசிரியர் மணலில் நடந்த பாட்டை நாலு பக்கத்துக்குச் சொல்ல, "2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் ஒரு வேன் ஓட்டுநர். எனக்கென்னவோ அந்த நாலு பக்கம்தான் பிடித்திருக்கிறது. பாம்பன் மீனவர் ஒருவர் சொல்லச் சொல்ல அவர் மகள் எழுதிய குறிப்பு, கடலோரம் போகிற எவருக்கும் உதவும்: வாடைக்காற்று அடிக்கும்போது வடகடல் பொங்கும், தென்கடல் படுத்துக் கிடக்கும். கச்சான் எனும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் நேர்மாறு. எந்த மாதம் எந்தக் கரைக்குப் போவது என்பதை இதை வைத்தே முடிவு செய்யலாம்.

ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமான குறிப்பு வாலிநோக்கம் பக்கத்தில் இருக்கிறது. "கிணற்றடியில் கேட்டால் தண்ணீர் தருவார்கள்" என்று அச்சில் இருக்கிறது. எதிரே ஒரு பெண்ணின் கையெழுத்து: "கேட்டால் இப்பவும் தருவோம். ஆனால் மணலில் ஊற்றுத் தோண்டி சிரட்டையால் மொண்டு நிறைத்த குடம் அது. சில நாள் காசு கொடுத்து வாங்கியது. உங்கள் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வாருங்கள்." பெயர் எழுதவில்லை. அம்மா, நீங்கள் யாராக இருந்தாலும் சரி, இதைப் படித்த பிறகு புத்தகத்தோடு கிளம்பியவர்கள் தண்ணீர் கேனோடுதான் கிளம்பினார்கள். உங்களுக்குத் தனியாக நன்றி.

புத்தகம் நனையாமலிருக்க ரெக்சின் பை தைத்துக் கொடுத்து, முதல் தடவை அதற்குள் தொதல் இனிப்புப் பொட்டலத்தையும் வைத்து அனுப்பிய கீழக்கரை ராத்தாவுக்கு நன்றி. (பக்கங்களில் எண்ணெய் படவில்லை, கவலை வேண்டாம்.) சாயல்குடி வரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு லக்கேஜ் டிக்கெட் போட மறுத்த கண்டக்டர் தம்பிக்கும், தொண்டியில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி, வாங்கியவர் திரும்பக் கொண்டுவரும்வரை விடாமல் நச்சரித்த ஸ்டேஷனரி கடைக்காரக் காக்காவுக்கும் (அண்ணனுக்கும்) நன்றி. கருவேல முள் ஏறிப் பஞ்சரான டயர்களை வழியெல்லாம் ஒட்டிக் கொடுத்தவர்களைக் கணக்கெடுக்கவே முடியாது.

உத்தரகோசமங்கைப் பக்கம் முழுவதும் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய நண்பரே, உங்களுக்கும் நன்றிதான், விஷயம் சரியாக இருக்கிறது. ஆனால் அங்கே அடுத்த ஆள் எழுத இடமே இல்லை. பையின் பக்கவாட்டு உறையில் பென்சிலும் அழிப்பானும் இருக்கின்றன.

புத்தகம் இப்போது தொண்டிக் கடையில்தான் இருக்கிறது. அடுத்து ஏர்வாடி நண்பர் கேட்டிருக்கிறார், அதற்கப்புறம் யார் வேண்டுமானாலும் சொல்லி வையுங்கள். மழை பிடிப்பதற்குள் வடக்குப் பக்கத்துச் சாலைகளை ஒருவர் சுற்றிப் பார்த்து எழுதினால் நல்லது. உப்பூருக்கு வடக்கே வெள்ளைத்தாள் இன்னும் வெள்ளையாகவே கிடக்கிறது.

நன்றியுடன்,
மதுரையிலிருந்து புத்தகத்தைக் கொண்டுவந்தவன்
இராமநாதபுரம்