ஆண்களுக்கு வராது என்று யார் சொன்னது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதத்துக்கான தங்கள் அக்டோபர் நலவாழ்வு இணைப்பிதழ் எல்லாப் பக்கமும் இளஞ்சிவப்பாக, கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. முதல் பக்கத்திலேயே 'பெண்களை மட்டுமே தாக்கும் மார்பகப் புற்றுநோய்' என்று போட்டிருக்கிறீர்கள். இந்த நோய் வருவோரில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர் ஆண் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

ஆணுக்கும் மார்புக் காம்புக்குப் பின்னால் பால்நாளத் திசு உண்டு. சதை குறைவு என்பதால், கட்டி கொஞ்சம் வளர்ந்தாலே தோலைப் பிடித்துக்கொள்கிறது. சட்டென்று கையில் தட்டுப்பட வேண்டிய கட்டிதான். ஆனாலும் பனியனில் ரத்தக்கறை, உள்ளே இழுத்த காம்பு, ஆறாத புண் என்று ஆன பிறகுதான் பலர் வார்டுக்கு வருகிறார்கள். அதுவரை சூட்டுக் கட்டி என்று மஞ்சள் பற்று, மருந்துக்கடைக் களிம்பு!

தங்கள் கேள்வி-பதில் பகுதி மட்டும் என்ன? 60 வயது கடந்த வாசகர் ஒருவர், ஒரு பக்க மார்பில் கல் மாதிரி கட்டி என்று எழுதிக் கேட்டதற்கு, 'ஹார்மோன் கோளாறு, எடையைக் குறையுங்கள்' என்று பதில் வந்தது. கைனகோமாஸ்டியா எனும் மார்பு வீக்கம் வேறு. அது பெரும்பாலும் இரண்டு பக்கமும், காம்புக்கு நேர் அடியில் வட்டமாக, ரப்பர் போல இருக்கும், தொட்டால் வலிக்கும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி மாத்திரைகளாலும் வரும். புற்றுக்கட்டி அநேகமாக ஒரு பக்கம்தான். பெரும்பாலும் காம்பிலிருந்து சற்று விலகி, கெட்டியாக, வலியில்லாமல் இருக்கும். சந்தேகம் வந்தால் மேமோகிராம் எனும் மார்பக எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், அதன்பின் ஊசியால் கட்டியில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் கோர் ஊசி பயாப்சி. மேமோகிராம் அறை வாசலில் பெண்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்களும் உண்டு.

ஆண்களின் புற்றுக்கட்டிகளில் பத்துக்கு ஒன்பது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளவை, அதாவது அந்த ஹார்மோனின் தூண்டலில் வளர்பவை. ஆகவே அறுவைக்குப் பின் அந்தத் தூண்டலைத் தடுக்கும் டாமாக்சிஃபென் மாத்திரை 20 மில்லிகிராம், தினம் ஒன்று, பொதுவாக 5 ஆண்டு. அதனால் உடம்பில் திடீரென்று அனல் அடிக்கும், தாம்பத்திய நாட்டம் குறையும். வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, பாதியில் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். இதை எழுத எந்த இணைப்பிதழுக்கும் இடமில்லை; 'மார்பு குறைப்பு அறுவை, ஒரே நாளில் வீடு திரும்பலாம்' விளம்பரத்துக்கு மட்டும் கால் பக்கம் உண்டு.

'அம்மா வழியில் யாருக்காவது உண்டா?' என்றுதான் தங்கள் கட்டுரை கேட்கிறது. பிஆர்சிஏ2 எனும் மரபணு பழுதானால் மார்பகப் புற்று வரும் அபாயம் கூடும்; அப்பாவுக்கு அதில் பழுது இருந்தால், மகனுக்கும் மகளுக்கும் அது வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பாடகி பியான்சேயின் அப்பா மேத்யூ நோல்ஸ், தனக்கு மார்பகப் புற்றுநோயும் இந்த மரபணுப் பழுதும் இருப்பதை 2019இல் பகிரங்கமாகச் சொன்னார். தங்கள் சினிமா பக்கத்துக்கு மகளின் உடைதான் செய்தி.

அரசும் சளைத்ததில்லை. ஆஷா எனும் சமூக சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாக நோய் அறிகுறி கேட்டு நிரப்பும் சிபேக் படிவத்தில் மார்புக் கட்டி, காம்பில் ரத்தக் கசிவு பற்றிய கேள்விகள் 'பெண்களுக்கு மட்டும்' பகுதியில்தான் இருக்கின்றன.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஒரு வரித் திருத்தம் போடுங்கள். குளிக்கும்போது சோப்பு போட்ட மூன்று விரல்களால் காம்பைச் சுற்றி அக்குள் வரை ஆண்களும் தடவிப் பார்க்கலாம் என்று அதோடு சேருங்கள். அழகுக் குறிப்புப் பக்கத்தில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
புற்றுநோய் அறுவைப் பிரிவுச் செவிலியர் ஒருவர்,
மதுரை