சார்ட்டர் பள்ளிக் குலுக்கல்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

சென்ற மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, நம் தமிழ்ப் பள்ளியின் வாசலில் ஒரு தந்தை மைசூர்பாகு டப்பாவுடன் நின்றிருந்தார். மகள் சார்ட்டர் பள்ளிக்குத் தேர்வாகிவிட்டாள் என்று வருவோர் போவோருக்கெல்லாம் கொடுத்தார். நானும் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டேன். இடைவேளையில் மூன்றாம் நிலை மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். "எனக்கும் அம்மா விண்ணப்பம் போட்டார்கள், கிடைக்கவில்லை. நான் எந்தக் கேள்விக்குத் தப்பாக எழுதினேன், டீச்சர்?" என்று கேட்டாள்.

அவள் எதையும் தப்பாக எழுதவில்லை. அங்கே பரீட்சையே நடக்கவில்லை. கணினி பெயர்களைக் குலுக்கிப் போட்டது, அவ்வளவுதான். பாதிக் குற்றம் நம் சொல்லில் இருக்கிறது. பரீட்சைக்கும் 'தேர்வு' என்கிறோம், ஒருவரை எடுத்துக்கொள்வதையும் 'தேர்வு' என்கிறோம். இலங்கைத் தமிழர் பரீட்சை, தெரிவு என்று இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். இந்த ஆண்டும் விண்ணப்பக் காலம் தொடங்கிவிட்டதால், பலரும் தனித்தனியே கேட்டவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில், சார்ட்டர் பள்ளி தனியார் பள்ளி இல்லை. அரசுப் பணத்தில் தனி நிர்வாகக் குழு நடத்தும் பொதுப் பள்ளி. கல்விக் கட்டணம் வாங்க முடியாது. மதம் போதிக்க முடியாது. நியூ ஜெர்சி சட்டப்படி, குழந்தையின் அறிவுத்திறனையோ மதிப்பெண்ணையோ காரணமாக வைத்து யாரையும் ஒதுக்கக் கூடாது. இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல்தான். உள்ளூரில் குடியிருப்பவர்களுக்கு முன்னுரிமை உண்டு. அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே அங்கே படித்தால் தம்பி தங்கைக்கும் முன்னுரிமை கிடைக்கலாம். நுழைவுத் தேர்வு வைப்பவை கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது) நடத்தும் தொழிற்கல்வி அகாடமிகள். நம் பெற்றோர் இரண்டையும் ஒன்றாக எண்ணி, சார்ட்டர் பள்ளிக்காக இரண்டாம் வகுப்புப் பிள்ளையைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பியதையும் நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பணத்துக்கு ஊருக்கு ஒரு டிக்கெட்டே வாங்கியிருக்கலாம்.

"ஊரில் அரசு உதவி பெறும் பள்ளி இருக்கிறதே, அது போலவா?" என்று ஒரு தாய் கேட்டார். நல்ல கேள்வி. அரசுப் பணம், தனி நிர்வாகம் என்ற அளவில் அது போலத்தான். ஆனால் உதவி பெறும் பள்ளிகளில் பல மிஷன் பள்ளிகள்; இங்கே அதற்கு இடமில்லை. ஒக்லஹோமாவில் ஒரு கத்தோலிக்க சார்ட்டர் பள்ளி தொடங்க முயன்ற வழக்கு 2025 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நான்குக்கு நான்கு என்று சமநிலையில் நின்றது. அதனால் 'கூடாது' என்ற மாநில நீதிமன்றத் தீர்ப்பே நிலைத்தது.

இன்னொரு வேறுபாடு பெயரிலேயே இருக்கிறது. சார்ட்டர் என்றால் சாசனம். நம் அரசர்கள் செப்பேட்டில் எழுதிக் கொடுத்தவை சந்திர சூரியர் உள்ளவரை செல்லும். இந்தச் சாசனம் நியூ ஜெர்சியில் முதலில் நான்கு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். என்ன கற்பிப்போம், எந்த அளவுக்கு முன்னேற்றம் காட்டுவோம், பணத்தை எப்படிச் செலவழிப்போம் என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குகிறார்கள். சொன்னதைச் செய்யாவிட்டால் மாநிலக் கல்வி ஆணையர் பள்ளியை மூடலாம், மூடியும் இருக்கிறார்கள். அப்படி நடந்தால் குழந்தைகள் மறுபடியும் வட்டாரப் பொதுப் பள்ளிக்குத்தான் வர வேண்டும். சுதந்திரம் பாட முறையிலும் நேரத்திலும் ஆட்களை அமர்த்துவதிலும்தான். ஆசிரியருக்குச் சான்றிதழ் வேண்டும். மாநிலப் பரீட்சையும் அதேதான்.

இந்த யோசனையை 1988-இல் நாடறியப் பேசியவர் ஆல்பர்ட் ஷாங்கர். அவர் ஓர் ஆசிரியர் சங்கத் தலைவர்! ஆசிரியர்களே புதிய முறைகளைச் சோதித்துப் பார்க்கச் சிறிய இடம் வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. மினசோட்டா 1991-இல் முதல் சட்டத்தை இயற்றியது. அடுத்த ஆண்டே செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது. யோசனை போன திசை பிடிக்காமல் ஷாங்கரே பின்னாளில் அதை எதிர்த்தார். இன்று ஆசிரியர் சங்கங்களுக்கும் சார்ட்டர் பள்ளிகளுக்கும் இடையே உள்ள உறவைப் பார்த்தால், இது அவர்கள் வீட்டில் பிறந்த பிள்ளை என்று யாரும் நம்பமாட்டார்கள்.

சண்டையின் வேர் பணம். நம் சொத்து வரியில் ஏறக்குறையப் பாதி பள்ளிக்குப் போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு குழந்தை சார்ட்டர் பள்ளிக்குப் போனால், அக்குழந்தைக்கான உள்ளூர் வரி, மாநில உதவி ஆகியவற்றில் 90 சதவீதத்தை வட்டாரப் பள்ளி நிர்வாகம் அங்கே அனுப்ப வேண்டும் என்பது சட்டம். சில வகை உதவிகள் இந்தக் கணக்கில் சேராததால், உண்மையில் போவது அதைவிடக் குறைவு என்று சார்ட்டர் பள்ளிகள் குறைப்படுகின்றன. கட்டடத்துக்கென்று மாநிலம் போதிய பணம் தருவதில்லை என்பதும் அவர்கள் குறை. வட்டாரப் பள்ளியின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வகுப்புக்கு ஒரு பிள்ளை வீதம் இருபது பேர் போய்விட்டால், ஆசிரியரின் சம்பளமோ பஸ் டீசலோ குளிர்காலச் சூடேற்றும் செலவோ குறைவதில்லை. பணம் மட்டும் போய்விடுகிறது. அனுமதி கொடுப்பது மாநிலத் தலைநகர் டிரென்டனில் இருக்கும் ஆணையர். உள்ளூர்க் கல்வி வாரியம் கருத்துத்தான் சொல்ல முடியும். பிரின்ஸ்டனில் சார்ட்டர் பள்ளிக்கு 76 மாணவர்களைக் கூடுதலாகச் சேர்க்க 2017-இல் அனுமதி கிடைத்தபோது ஊரே இரண்டுபட்டது. இந்தத் தகராறில் நான் எந்தப் பக்கமும் நிற்கவில்லை. ஆனால் "நமக்குக் கிடைத்தது, அவர்களுக்கு என்ன நஷ்டம்?" என்று யாராவது கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லத்தான் செய்வேன்.

சரி, படிப்பு நன்றாக இருக்குமா? 'சார்ட்டர்' என்ற பெயர்ப் பலகையைப் பார்த்து மட்டும் அதைச் சொல்ல முடியாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் 2009-இல் பார்த்தபோது, கணிதத்தில் 17 சதவீத சார்ட்டர் பள்ளிகளே பக்கத்துப் பொதுப் பள்ளிகளைவிட மேலாக இருந்தன. 37 சதவீதம் கீழே இருந்தன. அதே மையத்தின் 2023 ஆய்வில் நிலைமை மாறியிருந்தது. சார்ட்டர் மாணவர்கள் சராசரியாக வாசிப்பில் 16 நாள், கணிதத்தில் 6 நாள் கூடுதலாகக் கற்றதற்கு ஈடாக முன்னே இருந்தார்கள். இணையவழி சார்ட்டர் பள்ளிகள் மட்டும் வெகுவாகப் பின்தங்கின. இந்தச் சராசரிக்குள் அருமையான பள்ளிகளும் அடங்கும், என் பேரப்பிள்ளையை அனுப்பத் தயங்கும் பள்ளிகளும் அடங்கும்.

ஆகவே, நீங்கள் பார்க்கும் பள்ளியைப் பாருங்கள். மாநிலம் ஆண்டுதோறும் ஒவ்வொரு பள்ளிக்கும் வெளியிடும் செயல்திறன் அறிக்கையை எடுத்து, உங்கள் வட்டாரப் பள்ளியின் அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், என்ன நிபந்தனை போட்டார்கள் என்று கேளுங்கள். பள்ளியை நடத்தும் அறங்காவலர் குழுவின் கூட்டம் சட்டப்படி எல்லோருக்கும் திறந்தது. ஒரு மாலை போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தால் விளம்பரத் தாளில் இல்லாதவை தெரியவரும். எத்தனை ஆசிரியர்கள் சென்ற ஆண்டு விலகினார்கள் என்பதைக் கட்டாயம் கேளுங்கள். சிறப்புக் கல்வித் திட்டம் உள்ள குழந்தையை அவர்கள் மறுக்க முடியாது. ஆனால் பேச்சுப் பயிற்சியாளர் வாரம் எத்தனை முறை வருகிறார் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டை ஐந்தாம் நிலைப் பிள்ளைகளுக்கு இந்தப் பருவத்தில் நடத்துகிறோம். ஊர்ச் சபைக்கு ஆட்களைக் குடவோலைக் குலுக்கலில் எடுத்த முறையைச் சொல்வது அது; பராந்தக சோழன் காலத்தில், 921-இல் வெட்டியது. வயது, நிலம், கல்வி எல்லாம் பார்த்த பிறகே ஓலை குடத்துக்குள் போகும். ஒரு சிறுவன் கையை விட்டு எடுப்பான். சார்ட்டர் குலுக்கலில் அந்த முதல் சல்லடை கிடையாது. அதனால் இதில் பெயர் விழுவது பெருமையும் இல்லை, விழாதது சிறுமையும் இல்லை. ஆனால் முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் இடக்கூடாது என்றும் அதே கல்வெட்டு சொல்கிறது. சாசனம் புதுப்பிக்கும் ஆண்டில் சார்ட்டர் பள்ளிகள் படும் பாடு அதுதான்.

குலுக்கல் முடிவுகள் வரும் வாரங்களில் இனிப்பை வீட்டிலேயே கொண்டாடுங்கள். வகுப்பறைக்குள் வேண்டாம். பிள்ளைகளிடம் "குலுக்கலில் பெயர் விழுந்தது" என்றே சொல்லுங்கள்.

பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை ஐந்தாம் நிலை மாணவர்கள் குடவோலையை நாடகமாக நடிக்கிறார்கள். வீட்டில் மண்பானை வைத்திருப்பவர்கள் அலுவலகத்தில் தெரிவியுங்கள். போன ஆண்டு எவர்சில்வர் குடம்தான் கிடைத்தது. கையை விட்ட பையன் வெளியே எடுக்கச் சிரமப்பட்டான்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
வார இறுதித் தமிழ்ப் பள்ளி, மத்திய நியூ ஜெர்சி